வடகிழக்கு மூலையில் பயறு விதைத்தவர்

சிட்னிக்கு மேற்கே புதிய வீடுகள் வரவிருந்த நிலத்தில், கட்டுமானத்துக்கு முன் பழைய தடயங்களைத் தேடித் தோண்டும் குழுவில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் என்ற பெருமை எனக்கு நிறையவே உண்டு. வடகிழக்கு மூலைக் குழியில் முளைவிட்ட பயறும் செப்புத் தகடும் வந்தபோது, எனக்கு மட்டும் அது புரிந்தது. யாரோ நம்மவர் வேலி தாண்டி வந்து அத்திவாரப் பூசை செய்திருக்கிறார். வெட்கத்தில் முகம் சுட்டது.

மறுநாள், அந்த மனையை வாங்கியவர் தானாகவே வந்தார். மருத்துவமனைச் சீருடை, நெற்றியில் திருநீறு. சப்பாத்தைக் கழற்றிவிட்டே குழியருகே வந்தார்.

"கேட்டுட்டுச் செய்திருக்கலாமே, அங்கிள்?"

"இந்த நல்ல நாளை விட்டா இனித் தையிலதான் எண்டாங்கள், பிள்ளை. வெறுங்காணிதானே எண்டு நினைச்சுப்போட்டன்."

பக்கத்தில் மண் சலித்துக்கொண்டிருந்த பெண்மணி அந்நிலத்தின் பூர்வகுடி. அவருடைய முன்னோரின் கல்லாயுதங்களும் அதே குழியில்தான் கிடைத்திருந்தன. அவர் முறையிட்டால் அங்கிளின் மனையே பறிபோகலாம். அங்கிள் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்மணி என்னைக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து வெறுங்காணி என்று சொல்ல நா எழவில்லை. மன்னிப்புக் கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே," என்றார் அங்கிள். "சொன்னதைச் சொல்லுங்கோ. மன்னிப்பை நானே கேக்கிறன்."

சொன்னேன். பெண்மணி சல்லடையைக் கீழே வைத்தார். அங்கிள் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பதிலுக்காக வெறுங்காலோடு நின்றார். நான் கொடுத்த பொய்யோடு அவர் தப்பிப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.