ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிய இரண்டு பேர்

1. சிவப்புத் தட்டு

காலை பதினொன்றரை மணிக்கு என் மேஜைமேல் இருந்த சிவப்புத் தட்டில் இரண்டு எக்ஸ்ரே படங்கள் கிடந்தன. ஒரு மணிக்கு டாக்டர் வருவார். அவர் ‘அன்ஃபிட்’ என்று எழுதினால் அந்த இரண்டு பேருக்கும் விசா அடிக்க மாட்டார்கள். டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பெயர் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் பிறகு கல்ஃபில் வேறு எந்த நாட்டுக்கும் போக முடியாது.

குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு தனியார் கிளினிக். கம்பெனி ஆட்களுக்கு மெடிக்கல் பார்க்கும் இடம். நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் என்பதால் குவைத்துக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். பஸ் பஸ்ஸாக இறக்கிவிடுவார்கள். சட்டையைக் கழற்று, தாடையைத் தூக்கு, மூச்சை இழு, பிடி, விடு, அடுத்த ஆள். ஒரு ஆளுக்கு ஒரு படம். அது மேனேஜர் போட்ட ரூல்.

படத்தில் நுரையீரல்மேல் நிழல் ஏதாவது தெரிந்தால் சிவப்புத் தட்டில் போட வேண்டும். டாக்டர் எகிப்துக்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் அவர் முன்னால் இருப்பது ஒரே ஒரு படம், பக்கத்தில் ஒரு ஃபாரம். ஃபாரத்தில் ஏழாவது கேள்வி, முன்பு ஏதாவது காயம், எலும்பு முறிவு, ஆபரேஷன் உண்டா என்பது. எல்லாரும் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். காயம் இல்லை, நிழல் மட்டும் இருக்கிறது என்றால் டாக்டர் டிபி என்றுதான் சந்தேகப்படுவார். வேறு என்ன செய்வார்?

அன்று தட்டில் இருந்த முதல் படம் கருப்பையாவுடையது. அறந்தாங்கிப் பக்கத்து ஆள், ஸ்கஃபோல்டிங், அதாவது கட்டடத்துக்குப் பைப்பால் சாரம் கட்டுகிறவன். ஆறு வருடம் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டதால் புதுக் கம்பெனிக்கு மாறுகிறான். வலது பக்கம் நடுவில், வெளி ஓரமாக, ஒரு நிழல். ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’.

இரண்டாவது படம் ஒரு அமெரிக்கருடையது. பெயர் டேல். நாற்பத்தாறு வயது, கதவில் குனிந்து நுழைகிற உயரம். மிலிட்டரி கேம்ப் ஜிம்மில் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு வந்திருந்தார். அவருக்கும் அதே வலது பக்கம், அதே ஓரம், அதே மாதிரி நிழல். அதோடு தோள்பட்டை எலும்பில் ஒரு தகடு, அதில் ஆறு ஸ்க்ரூ. தோள்மூட்டுக்குள் இரண்டு உலோக முளை. ஏழாவது கேள்விக்கு இவரும் ‘இல்லை’.

எனக்கு ஆத்திரம் வந்தது. உடம்புக்குள் ஹார்ட்வேர் கடையை வைத்துக்கொண்டு ஆபரேஷன் இல்லை என்று எழுதுகிறான் ஒருத்தன்.

2. யாருக்கு இரண்டாவது படம்

மேனேஜர் செல்வின் உள்ளே வந்தார். நாகர்கோவில்காரர்.

“என்ன ராஜன், அமெரிக்காக்காரன் படத்தையும் செவப்புத் தட்டுல போட்டுட்டீங்களாமே?”

“நிழல் இருக்கு சார்.”

“இருந்தா இன்னொரு படம் எடுங்க. ஆள சாய்ச்சி நிறுத்தி எடுத்தா தெரியும்லா? பெரிய கம்பெனி. நாளைக்கு அவன் கேள்வி கேப்பான்.”

“அப்ப கருப்பையாவுக்கும் எடுக்கட்டுமா?”

“அது யாரு?”

“இன்னொரு படம். ஸ்கஃபோல்டர்.”

“அவனுக்கு எதுக்கு? ஒரு படம்தான் ரூலு. அவனுக்கு எடுத்தா நாளைக்கு எல்லாவனும் கியூவுல நிப்பான்.”

சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அந்த ரூலை எட்டு வருடமாக என் கையால் நடத்தியவன் நான்தான். அதனால் அவர் சொன்னபடியே அமெரிக்கரைக் கூப்பிட்டேன்.

3. டேல் சொன்ன கதை

நுரையீரலில் உள்ள நிழலா, விலா எலும்பில் உள்ளதா என்று தெரிய ஒரே வழி ஆளைத் திருப்பி நிறுத்துவது. நாற்பத்தைந்து டிகிரி திருப்பிப் படம் எடுத்தால், எலும்பு முறிந்து கூடிய இடத்தின் முடிச்சு எலும்போடு நகரும். நுரையீரலில் உள்ளது விலாவை விட்டுத் தனியாக நிற்கும்.

டேலைத் திருப்பி நிறுத்திப் படம் எடுத்தேன். ஃபிலிம் கழுவி வர ஒன்றரை நிமிடம். அந்த நேரத்தில் பழைய படத்தை லைட் பாக்ஸில் மாட்டி, தகட்டின்மேல் விரலை வைத்து, கோபமாகவே இங்கிலீஷில் கேட்டேன். “இது எந்த வருஷம்?”

அவர் சட்டென்று சொன்னார். “மூன்றாவது சீசன்.” பிறகு நான் விரல் வைத்த இடத்துக்கெல்லாம் ஒரு சீசன் சொன்னார்.

அவர் அமெரிக்காவில் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர். நம்ம கால்பந்து இல்லை. அவர்களுடைய ஆட்டத்தில் பந்தைக் கையால் எறிகிறார்கள். எறிகிறவனுக்குப் பெயர் குவார்ட்டர்பேக். டேலுக்கு அந்த இடம்தான். யார் எங்கே ஓட வேண்டும் என்று அவன்தான் சொல்ல வேண்டும். அவன் கையைத் தூக்கி எறிவதற்குள் எதிர் டீம் ஆட்கள் வந்து அவனைத் தரையில் அடிப்பார்கள். கை மேலே போனதும் விலா திறந்து கிடக்கும். அடி அங்கேதான் விழும்.

ஒன்பது வருடம், நான்கு டீம். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். முதல் ஆள் கால் ஒடிந்து விழுந்த ஒரு வருடம்தான் இவருக்கு வாய்ப்பு. இரண்டாவது மேட்சில் விலா உடைந்தது. டீம் டாக்டர் வந்து, அடிபட்டதா என்று கேட்டார். இவர் இல்லை என்றார்.

“ஏன்?” என்றேன்.

“எனக்குப் பின்னால் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் ஆமாம் என்றால் அவன் உள்ளே வருவான். அவன் வந்தால் நான் திரும்ப வரவே முடியாது.”

ஊசி போட்டுக்கொண்டு இன்னும் நான்கு மேட்ச் ஆடினாராம். ஃபாரத்தில் ஏன் பொய் எழுதினீர்கள் என்று கேட்டேன். “அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என் கை அதைத்தான் எழுதும்” என்றார். சிரிக்கவில்லை. இந்த வேலை போனால் ஊரில் அவருக்கு வேறு வேலை இல்லை என்றும் சொன்னார்.

படம் வந்தது. நிழல் விலாவோடு சேர்ந்து நகர்ந்திருந்தது. எலும்பு. டேல் பிழைத்தார்.

4. கருப்பையா

டேல் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போதே கருப்பையாவைக் கூப்பிட்டேன். மேனேஜர் கத்தட்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் படம் எடுப்பதற்கு முன்னால் காயம் ஒன்று தெரிந்தால் டாக்டரிடம் பேச வசதியாக இருக்கும்.

“தம்பி, நெஞ்சுல எப்பவாவது அடிபட்டுச்சா?”

“இல்ல சார்.”

“விழுந்தியா? மேலருந்து பைப்பு ஏதும் விழுந்துச்சா?”

“எதுவும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்.”

“யோவ், டாக்டர் உன்ன ஊருக்கு அனுப்பப் போறாருய்யா. உண்மையச் சொல்லு.”

“சத்தியமா இல்ல சார்.” கண் கலங்கிவிட்டது. அப்போதும் இல்லை என்றே நின்றான்.

டேல் லைட் பாக்ஸில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்த தன் படத்தையும் கருப்பையா படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாஷை புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. “அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். என்ன விளையாட்டு ஆடுவார் என்று கேளுங்கள்” என்றார்.

கேட்டேன். கருப்பையா என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

“கபடிண்ணே.” ‘சார்’ என்பது அதோடு போய்விட்டது. “கம்பெனில சொல்லிறாதீங்கண்ணே. நாங்க தங்குற கேம்ப்புல கபடி ஆடக் கூடாதுன்னு எழுதி ஒட்டிருக்காங்க. அடிபட்டா டூட்டிக்கு வர மாட்டான்னு அனுப்பிருவாங்க.”

“எங்க அடிபட்டுச்சு?”

சட்டையைத் தூக்கிச் சரியாக அந்த விலாவைத் தொட்டான். “வெள்ளிக்கிழமை கேம்ப்புக்குப் பின்னால மணல்ல ஆடுவோம். ரெய்டு போயி கைய நீட்டித் தொட்டேன், அந்நேரம் சைடுல மோதிட்டான். மூணு வருசம் ஆச்சு.”

“எத்தன நாள் ரெஸ்ட் எடுத்த?”

“ரெஸ்டா? மறுநாளே பைப்பத் தூக்கிட்டு ஏறிட்டேன்ல.”

டேலுக்குச் சொன்னேன். “மறுநாளா? என்ன ஊசி போட்டார்களாம்?” என்றார். அதைத் தமிழில் கருப்பையாவிடம் கேட்டேன்.

“ஊசி எல்லாம் ஏதுண்ணே, தைலம்தான். யாருண்ணே இவரு?”

“இவரும் ரெய்டு போற ஆளுதான். ஒன்பது வருசம் ஆடிருக்காரு.”

“மொத்தமே ஒன்பது வருசமா? நான் பதினாலு வயசுல ஆரம்பிச்சேன்” என்றான். பயத்திலும் அவனுக்கு அந்தக் கெத்து போகவில்லை.

திருப்பி நிறுத்தி எடுத்தேன். அந்த ஒன்றரை நிமிடமும் ஃபிலிம் வரும் இடத்திலேயே நின்றேன். அடிபட்டது உண்மைதான், ஆனால் நிழல் வேறாக இருந்துவிட்டால்? படத்தை மாட்டினேன். விலாவின் ஓரத்தில், கயிற்றில் போட்ட முடிச்சு மாதிரி, எலும்பு புடைத்துத் தெரிந்தது. உள்ளே நுரையீரல் சுத்தம்.

“எலும்புதான்டா” என்றேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் வந்து நான்கு படங்களையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ‘பழைய முறிவு. ஃபிட்’ என்று இரண்டு ஃபாரத்திலும் எழுதினார். கபடி பற்றி நான் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. டேல் தன் வேலை முடிந்தும் போகாமல், கருப்பையா ஃபாரத்தில் ஸ்டாம்ப் விழும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

5. பிறகு

செல்வின் கத்தினார். “நான் சொன்னதுக்கு மரியாதையே இல்லியா ராஜன்?” என்றார். டாக்டர்தான் காப்பாற்றினார். இனி நிழல் தெரிந்தால் இரண்டாவது படத்தோடுதான் தனக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கிளினிக்கில் சிவப்புத் தட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர்கூட அன்ஃபிட் ஆகவில்லை.

அதற்கு முன்னால் எட்டு வருடத்தில் அன்ஃபிட்டாகி ஊருக்குப் போனவர்களின் கணக்கு என்னிடம் இல்லை. அதில் எத்தனை பேருக்கு வெறும் விலா எலும்பு என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தப் பாவத்தை மேனேஜர்மேல் மட்டும் போட்டுவிட்டு நான் கை கழுவ முடியாது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உடம்பை வைத்துப் பிழைப்பவனிடம் அடிபட்டதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான், அவன் அமெரிக்காவில் இருந்து வந்தாலும் அறந்தாங்கியில் இருந்து வந்தாலும். பொய்க்காரன் என்று திட்டாதீர்கள். ஆளைத் திருப்பி நிறுத்துங்கள். இன்னொரு படம் எடுங்கள். ஃபிலிம் கழுவி வருகிற ஒன்றரை நிமிடத்தில் அவன் என்ன விளையாடுவான் என்று விசாரியுங்கள்.