முந்தல் தரிப்பிடத்தில் ராத்தா

குறிஞ்சிப்பிட்டியில் ஓட்டோ ஓட்டும் மிஹ்லாருக்கு அடுத்தவர் கையால் ஒன்றை வாங்குவது வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. பக்கத்து வீட்டில் இருந்து நாலு மாங்காய் வந்தால், அஸர் தொழுகைக்கு முன் இங்கிருந்து ஒரு கோவை மீன் அங்கே போயாக வேண்டும். "அவங்க சும்மா தந்த" என்று மனைவி றிஸ்மினா சொன்னால் முறைப்பான். சும்மா என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவன் ஒப்புக்கொள்வதில்லை.

இது பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டு முஸ்லிம்கள் எல்லாரையும் துப்பாக்கி ஏந்திய இயக்கம் போகச் சொன்னபோது அவனுக்கு எட்டு வயது. அவனைப் பெற்ற மறுமாதமே உம்மா மௌத்தாகியிருந்தார். கற்பிட்டிக் கரையில் வள்ளத்தால் இறங்கி ஆறு மாதத்தில் வாப்பாவும் முகாமிலேயே போய்ச் சேர்ந்தார். கரையில் யாரோ கொடுத்த நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு அவன் பள்ளிக்கூடம் போனான். "டேய், இது என்ட பழைய சேட்டு" என்று வகுப்பில் ஒருவன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அந்தச் சூடு முப்பத்தைந்து வருடமாகியும் ஆறவில்லை.

மிஞ்சியது ராத்தா மர்ளியா. இருபத்தாறு வயதில் தம்பியை இடுப்பில் கட்டாத குறையாக வளர்த்தாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் தம்பி வேண்டாம் என்றார்கள், அவள் அவர்களையே வேண்டாம் என்றுவிட்டாள். வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய் அவனை ஆளாக்கினாள். யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி, வாய் நிறைய வாழ்த்துவாள். அவன் சொல்ல வேண்டியதையும் சேர்த்து அவளே வாழ்த்திவிட்டாளோ என்னவோ.

இப்போது ராத்தாவுக்கு அறுபத்தொன்று. இரண்டு வருடமாக ஞாபகம் பிசகுகிறது. காலையில் தம்பியைத் தெரியும், வெயில் ஏறினால் தெரியாது. ஆனால் ஊர் எது என்று யார் கேட்டாலும் தடுமாறாமல் மன்னார் என்பாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. அங்கிருந்து வந்த அந்த வயதுக்காரர் எல்லாரும் அப்படித்தான். முப்பத்தைந்து வருடம் இங்கே உலை வைத்துச் சாப்பிட்டிருப்பார்கள், ஊர் என்று கேட்டால் மட்டும் வாய் தானாக மன்னாருக்குப் போகும்.

போன செவ்வாய்க்கிழமை புத்தளம் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிளினிக். டொக்டரைக் காட்டி முடித்து, ராத்தாவை வாங்குப் பலகையில் இருத்தி, "அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்கப் புறப்பட்டான். பக்கத்தில் இருந்த ஒரு பெண், "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்று தானாகவே சொன்னாள். "தேவயில்ல" என்று வெட்டிவிட்டுப் போனான். வரிசையில் நின்று மருந்தோடு திரும்பினால் வாங்கில் அந்தப் பெண்ணும் இல்லை, ராத்தாவும் இல்லை.

முதலில் கழிவறைப் பக்கம் ஓடினான். பிறகு மற்ற வாட்டுகள், பிறகு வாசல். வாசல் காவலாளி, "பச்சச் சாரி உம்மாவா? பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனாங்களே" என்றான். மிஹ்லார் ஓட்டோவை எடுத்த எடுப்பில் ஒரு சைக்கிள்காரன் தப்பியது அவன் உம்மா செய்த புண்ணியம்.

பஸ் ஸ்டாண்டில் நாலு பேரிடம் கேட்டான். ஐந்தாவதாகக் கேட்ட கச்சான்காரர் வண்டியில் வறுத்த கடலை விற்கும் வயதான மனிதர். அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஓம் மகன், வந்தாங்க. ஊருக்குப் போகணும், தம்பி தனிய இரிக்கான் எண்டு சொல்லிக்கிட்டே நிண்டாங்க. எந்த ஊரு எண்டு கேட்டேன், மன்னார் எண்டாங்க. மன்னார் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிரிக்கி. வெயில்ல நிக்கிறாங்களே எண்டு ஒரு சுருள் கச்சானும் குடுத்து, அங்கால நிண்ட பஸ்ஸுல நெழலுக்குக் குந்த வெச்சேன்."

"எந்த பஸ்?"

அவர் கை காட்டிய இடத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. கச்சான்காரரின் முகம் விழுந்துபோனது. "அது தெக்கால போற சிலாபம் பஸ் மகன். யாவாரத்துல கவனிக்கல்ல."

"உங்கள யாரு ஏத்தச் சொன்ன? யாரு கச்சான் குடுக்கச் சொன்ன?" மிஹ்லார் கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. கச்சான்காரர் வண்டியை அப்படியே போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்து, பஸ் நேரம் குறிக்கிறவரின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே அந்த பஸ் கொண்டக்டரின் நம்பர் கிடைத்தது.

கொண்டக்டர் சிங்களமும் தமிழும் கலந்து பேசினான். "அந்த அம்மாவா? டிக்கட் கேட்டா மன்னார் சொல்றாங்க. பஸ்ஸத் திருப்ப ஏலாதுதானே. முந்தல்ல எறக்கிட்டேன். பஸ் ஹோல்ட்ல ஒரு நங்கி, ஒரு தங்கச்சி நிண்டா, புத்தளம் பஸ்ல ஏத்தி விடச் சொன்னேன். பயம் வேணாம், அண்ணே."

பயம் வேண்டாமாம். அந்த நங்கி ஏற்றி விட்டிருந்தால் ராத்தா இப்போது எந்த பஸ்ஸில்? எங்கே இறங்குவாள்? இறங்கி எந்தப் பக்கம் நடப்பாள்? ஒரு பக்கம் களப்புத் தண்ணீர், மற்றப் பக்கம் லொறி பறக்கிற பெருந்தெரு. கச்சான்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மிஹ்லார் ஓட்டோவில் பாய்ந்தான்.

பாலாவி தாண்டியும் எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் யன்னலையும் எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். இரண்டு பஸ்ஸை நடுத்தெருவில் மறித்தான். ஒன்றின் சாரதி அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினான். இன்னொன்றில் பயணிகள் எழும்பி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "இல்ல தம்பி, அப்படி ஆள் இல்ல" என்றார்கள். தென்னந்தோப்புகளும் இறால் பண்ணைகளும் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தன, தெரு முடிகிற பாடாக இல்லை.

எல்லாரும் நல்லவர்கள், அதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவர் நிழல் கொடுத்தார், ஒருவர் காசில்லாமல் ஏற்றினார். ஆளுக்கு ஒரு கை கொடுத்து ராத்தாவைப் பதினேழு மைல் கட்டை தூரம் தள்ளிவிட்டார்கள். ஒருவராவது பிடித்து வைத்திருக்கக் கூடாதா? அப்படி நினைக்கும்போதே, பார்த்துக்கொள்கிறேன் என்று வலிய வந்த அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணின் முகம் குறுக்கே வந்தது. அவளைத் துரத்தியது யார்? வெட்கத்தில் அவனுக்கு முகம் எரிந்தது.

முந்தல் பஸ் தரிப்பிடத்தில் ராத்தா இருந்தாள். கையில் பாதி தின்ற பணிஸ். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அவள் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். றோசலின் என்ற அவளுடைய பெயரெல்லாம் பிறகுதான் தெரிய வந்தது.

"ராத்தா!" மிஹ்லார் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

ராத்தா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "யாரு நீங்க? கைய விடுங்க!"

றோசலின் குடையை மடக்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாள். "அண்ணை, தள்ளி நில்லுங்கோ. அம்மா, இவரைத் தெரியுமோ?"

"தெரியாது புள்ள."

"அப்ப நான் விடமாட்டன்."

"தங்கச்சி, இவங்க என்ட கூடப் பொறந்த ராத்தா!"

"தன்ர தம்பிக்கு எட்டு வயசு எண்டு சொல்லுறா. உங்களைப் பார்த்தா அப்பிடித் தெரியேல்லையே."

கிளினிக் புத்தகத்தை நீட்டினான். அதில் படமில்லை என்றாள். றிஸ்மினாவை அழைத்து, தன் பழைய பட்டன் போனைக் கொடுத்தான். கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தாள். "ஆரெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? சொந்தக்காரர் எண்டு சொல்லி முகாமில வந்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு போனவையை நான் வன்னியில கனக்கக் கண்டனான். போன ஆக்கள் திரும்பி வரேல்ல." எதிர்க் கடையில் இருந்து இரண்டு பேர் இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு மிஹ்லாரைப் பார்த்தபடி நின்றார்கள்.

அவனுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஏறிய வேகத்திலேயே இறங்கியும் விட்டது. ராத்தாவை யார் கையிலும் தூக்கிக் கொடுத்துவிடாத ஒரு ஆளைத்தானே அவன் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தான்? இதோ நிற்கிறாள், குடையை ஓங்கியபடி. மிஹ்லார் தரிப்பிடத்து வெறும் சீமெந்தில் குந்திவிட்டான். கண்ணீர் வந்தது. துடைக்கவும் இல்லை.

"சரி தங்கச்சி, தராதீங்க. என்னை நம்ப வேணாம். நீங்களும் கூட வாங்க. கேட்டுக்கிறேன்."

கேட்டுக்கிறேன் என்ற சொல் தன் வாயில் இருந்து வந்ததை அவனே நம்பவில்லை. றோசலின் தெருவைப் பார்த்தாள். சிலாபம் பஸ் வந்துகொண்டிருந்தது. ஒரு தையல் மெசின் பார்க்கக் காலையிலேயே புறப்பட்டவள், ராத்தாவைத் தனியே ஏற்றிவிட மனமில்லாமல் ஏற்கெனவே இரண்டு பஸ்ஸை விட்டிருந்தாள். இதையும் விட்டாள். "மெசினை நாளைக்கும் பார்க்கலாம். ஏறுங்கோ அம்மா, நானும் வாறன்."

வழி முழுக்க ராத்தாவும் அவளும் பின்னால் கதைத்துக்கொண்டே வந்தார்கள். மிஹ்லார் கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் றோசலின் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு தெருவில் திருப்புகிறானா என்று கவனிக்கிறாள் என்பது விளங்கியது. கவனிக்கட்டும் என்று மெதுவாக ஓட்டினான்.

வீட்டு வாசலில் றிஸ்மினாவைக் கண்டதும் ராத்தா, "புள்ள, சோறாக்கிட்டியா?" என்றாள். அப்போதுதான் றோசலின் அவள் கையை விட்டாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு உடனே புறப்பட்டாள். கொண்டுபோய் விடுகிறேன் என்று மிஹ்லார் சொன்னதற்கு, "நீங்கள் அவவோட இருங்கோ, பஸ் வருது" என்றாள்.

அவன் தெரு வரைக்கும் பின்னால் போனான். "தங்கச்சி, நீங்க என்னை நம்பாம நிண்டீங்க பாருங்க. அத மாதிரி ஒரு உதவிய எனக்கு யாரும் செய்யல்ல."

"இன்னும் முழுசா நம்பேல்ல" என்று சிரித்துக்கொண்டே அவள் பஸ்ஸில் ஏறினாள். பஸ் வளைவில் மறையும் வரை மிஹ்லார் வெயிலில் நின்றான்.

உள்ளே வந்தபோது ராத்தா கதிரையில் இருந்து அவனை உற்றுப் பார்த்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"றிஸ்மினா, இந்த ஓட்டோக்கார மகனுக்குத் தேத்தண்ணி குடு. பாவம், சொந்தமுமில்ல பந்தமுமில்ல, நமக்காக எவ்வளவு தூரம் வந்திரிக்கார்."

றிஸ்மினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யணும், மகன். உம்மா ஹயாத்தோட, உசிரோட இரிக்காங்களா?"

மிஹ்லார் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஓம். இரிக்காங்க."

"அப்ப தேத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெதியாப் போங்க. நீங்க வருவீங்க எண்டு வாசலயே பாத்துக்கிட்டு இரிப்பாங்க."

"போறேன்" என்று சொன்னான். சொல்லிவிட்டு அவள் காலடியிலேயே இருந்தான்.