ஜெசிந்தாவின் முதல் வரி

போன மாதம் நான் இங்கிலீஷ் கட்டுரையில் ஃபெயிலாகிவிட்டேன். ரிசல்ட்டில் இருந்த பெயர் என்னுடையது இல்லை, ஜெசிந்தாவுடையது என்பதுதான் கொடுமை.

ஜெசிந்தா எங்கள் தெருக்காரி. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக நர்ஸ். காலையில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, பேகம்பூர் நெரிசலுக்குள் ஸ்கூட்டியை நுழைத்து டியூட்டிக்குப் பறப்பாள். நாற்பது வயதில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது — பொது சுகாதாரத்தில் ஆன்லைன் முதுநிலைப் படிப்பு.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, முதல் பேப்பரே இங்கிலீஷில் ஆய்வுக் கட்டுரை எழுதுவது என்று. அதில் தேறினால்தான் மற்ற பேப்பர்கள். தேறாவிட்டால் ஒரே ஒரு முறை திருத்தி அனுப்பலாம். அதுவும் போனால் படிப்பே போச்சு.

"அக்கா, நீங்கதான் பத்திரிகையில வாராவாரம் எழுதுறீங்கள்ல. செத்த சொல்லிக் குடுங்க" என்று வந்து நின்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரைதானே... நமக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி!

சர்க்கரை நோயாளிகள் ஏன் பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் — இதுதான் அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. பதில் அவளுக்குத் தெரியும். அவளுடைய வார்டிலேயே படுத்திருந்த பதில் அது.

அய்யலூர்ப் பக்கத்து ஆட்டு வியாபாரி கருப்பையா. மாத்திரைச் சீட்டில் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று இருக்கிறது. சந்தை நாளில் மனிதர் விடிவதற்கு முன்பே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். சாப்பாடோ, வியாபாரம் முடிந்து பதினோரு மணிக்கு. நடுவில் சர்க்கரை இறங்கி, இரண்டு முறை ஆடுகளுக்கு மத்தியிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். மாத்திரைதான் ஆளைச் சாய்க்கிறது என்று அதையே நிறுத்திவிட்டார். பிறகு சர்க்கரை ஏறி, காலில் புண் வந்து, அட்மிட் ஆனார்.

டாக்டர் திட்டித் தீர்த்தார். கேஸ் ஃபைலில் 'நான்-கம்ப்ளையன்ட்' என்று எழுதச் சொன்னார். சொன்னபடி மருந்து சாப்பிடாத ஆள் என்று அர்த்தம்.

"அத என் கையாலதான்க்கா எழுதுனேன். அவரு மேல தப்பே இல்லன்னு தெரிஞ்சே எழுதுனேன். டாக்டர் இங்கிலீஷ்ல படபடன்னு பேசுவாரு. நான் தமிழ் மீடியம். வாயத் தெறக்க முடியல." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கண்ணீரை நான் என்ன செய்தேன் தெரியுமா? அலங்காரம் செய்தேன். விடிகாலைப் பனியில் ஆரம்பித்து, ஆட்டு மந்தை, சந்தை இரைச்சல், நவீன வாழ்க்கையின் அவசரம் என்று சுற்றிச் சுற்றி... மூன்று பக்கத்தில், ஒரு கேள்விக்குறியாவது இல்லாத பாராவே கிடையாது. மாத்திரை விஷயம் கடைசிப் பாராவில் வந்தது. நான் தமிழில் சொன்னதை எல்லாம் அவள் நாலு நாள் உட்கார்ந்து இங்கிலீஷாக்கினாள்.

நம் ஊர் வழக்கமே அதுதானே? ஒருவர் உதவி கேட்டு வீட்டுக்கு வருகிறார். மழை பற்றிப் பேசுவார், தக்காளி விலை பற்றிப் பேசுவார், காபி குடிப்பார். கிளம்பி, வாசலில் ஒரு கால் செருப்பை மாட்டிய பிறகுதான், "அப்புறம்... ஒரு சின்ன விஷயம்" என்பார். எடுத்ததும் விஷயத்துக்கு வந்தால் மரியாதையாக இருக்காது.

இங்கிலீஷ் கட்டுரையைத் திருத்துகிற மேடத்துக்கு இந்த மரியாதை எல்லாம் தெரியவில்லை. ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தார்கள்: 'நீங்கள் சொல்ல வருவது கடைசிப் பக்கம்வரை எனக்குத் தெரியவில்லை.' இன்னோர் இடத்தில்: 'எல்லோருக்கும் தெரியும் என்கிறீர்கள். எனக்குத் தெரியாதே? ஆதாரம் எங்கே?' ஒவ்வொரு குறிப்பும் எனக்கு விழுந்த குட்டு. வலித்தது அவளுக்கு.

திருத்தி அனுப்ப மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, கோயில் சேலையோடு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள் ஜெசிந்தா. நானும் லேசுப்பட்டவளா? புதிதாக ஓர் ஆரம்பம் தயார் செய்து வைத்திருந்தேன். 'டப்பாவுக்குள் மாத்திரைகள் மௌனமாகக் காத்திருக்கின்றன...'

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எட்டாம் நம்பர் பெட்டுக்கு சுகர் எறங்கிப்போச்சுன்னு வைங்க. ஹேண்டோவர்ல அடுத்த சிஸ்டர்கிட்ட நான் மௌனம், மாத்திரைன்னா ஆரம்பிப்பேன்? அதுக்குள்ள ஆளு போயிருவாரு!"

ஷிஃப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைப்பார் இல்லையா, அதற்குப் பெயர்தான் ஹேண்டோவர். கோபமாக ஆரம்பித்தவள் என்னைப் பார்க்கிறாள், பேப்பரைப் பார்க்கிறாள்.

"அக்கா... இதத்தான நான் தெனமும் செய்றேன்?"

அவ்வளவுதான். என் மாத்திரை வாக்கியத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். இந்த பெட்டுக்கு என்ன பிரச்சினை — அது முதல் வரி. எதை வைத்துச் சொல்கிறேன் — ஒரு காரணத்துக்கு ஒரு பாரா. டாக்டர் வேறு மாதிரி நினைத்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏன் அது பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்து என்ன செய்யலாம் என்று முடிக்க வேண்டும். பதினாறு வருடமாக தினம் வாயால் செய்கிற வேலை, பத்தே நிமிடத்தில் ஒரு தாளில் இறங்கிவிட்டது.

'எல்லா நோயாளிகளும்' என்று எழுதியவள், அதை அடித்துவிட்டு 'சில நோயாளிகள்' என்று மாற்றினாள். "பாக்காததச் சொல்லக் கூடாதுல்லக்கா" என்றாள். என் எழுத்து வாழ்க்கையில் அப்படி ஒரு அடித்தல் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு அன்று ஒரே வேலைதான். காபி போட்டேன்.

ஆனால், ஒரு தாளில் திட்டம் போட்டதும் கட்டுரை வந்துவிடுமா என்ன? ஆதாரம் வேண்டுமே. மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில், டிஃபன் டப்பாவுக்குப் பக்கத்தில் மொபைலை வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தாள். வரிக்கு இரண்டு வார்த்தைக்கு டிக்‌ஷனரி பார்க்க வேண்டியிருந்ததாம். இரண்டாவது வாரம், "என்னால ஏலாதுக்கா, விட்டுர்றேன்" என்று ஒரு நாள் ஸ்கூட்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஊர், பெயர் போடாமல் எழுதிக்கொள்கிறேன் என்று கருப்பையாவிடம் சம்மதமும் வாங்கிக்கொண்டாள். இங்கே நானும் இரண்டையும் மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

முதல் வரியை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'சில நோயாளிகள் மாத்திரையை நிறுத்துவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, மருந்துச் சீட்டு அவர்களுடைய வேலை நேரத்தைக் கேட்காததுதான்.' பனியும் இல்லை, மந்தையும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. பாஸ்! அந்த சிவப்பு மை மேடம், 'தெளிவாக இருக்கிறது, இந்த மனிதரைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்' என்று எழுதியிருக்கிறார்கள். தெருவில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அழுதாள். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்?

சனிக்கிழமை கருப்பையா கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்ற வந்திருக்கிறார். இவள் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"ஐயா, உங்களப் பத்தி எழுதுனேன்ல, பாஸாயிட்டேன்!"

"நல்லது தாயி. என்னன்னு எழுதுன?"

"உங்க மேல தப்பில்லன்னு எழுதிருக்கேன். மொத வரியிலேயே."

அவர் கட்டுப் போட்ட காலைக் கீழே இறக்கி வைத்தாராம். பிறகு கேட்டாராம்:

"அத நம்ம டாக்டரு படிச்சாரா தாயி?"

மார்க் போட்டவர் படித்தார், நான் முதல் வரியைக் காதால் கேட்டேன். படிக்க வேண்டியவர் படிக்கவில்லையே?

திங்கட்கிழமை காலை, பிரிண்ட் எடுத்து, மேலே கருப்பையாவின் ஃபைல் நம்பரை எழுதி, டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். "வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

மதியம் ரவுண்ட்ஸில் டாக்டர் அவள் பக்கம் திரும்பியிருக்கிறார். "சிஸ்டர், அந்த கருப்பையா ஃபைல எடுங்க. அவரு காலையில எத்தன மணிக்குச் சாப்பிடுறாரு?"

எட்டுப் பக்கத்தில் அவர் ஒரு வரிதான் படித்திருப்பார் போல... போதாதா?