இரண்டாவது ஆடியோவில் ஒருவர்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பட்டப்பகலில், டிவி ஓடிக்கொண்டிருந்த ஹாலில், என் இரண்டு கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறார். அந்த வீட்டில் ஒரே சட்டம்: எந்தப் பொருளும் வைத்த இடத்தை விட்டு ஒரு சாண் கூட நகரக்கூடாது. மர நாற்காலி சுவரோரம் என்றால் சுவரோரம்தான். அம்மா அடிகளை எண்ணித்தான் நடப்பார். நகர்த்தினால் விழுந்துவிடுவார்.

அவருக்கு ஒரே குறை, அக்கா கல்யாண டிஸ்க்கைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சித்தப்பா எடுத்த படம். சத்தம் மட்டும் கேட்டால் ஒரே சந்தைக்கடை. யார் வருகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அம்மா தவித்துப்போவார். சரி, நானே கண்ணாக இருந்து தொலைக்கிறேன் என்று இறங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் படத்தை ஓடவிட்டு, மைக்கைப் பிடித்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் சொல்லிப் பதிவு செய்தேன். "பெரியத்தை வர்றாங்க, அவங்களுக்கு முன்னாடியே சிரிப்பு வந்துடுச்சு" என்று கிண்டலும் சேர்த்தேன். அதைப் படத்தோடு சேர்த்து ஒரு புது டிஸ்க்கில் இரண்டாவது ஆடியோவாக ஏற்றினேன்; ஆடியோ பட்டனை அழுத்தினால் என் பேச்சு கேட்கும். அம்மா தடவிக் கண்டுபிடிக்க ரிமோட்டில் அந்தப் பட்டன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுத்தேன். படம் 52 நிமிடம் 10 விநாடி. என் பேச்சும் அதே நீளம்.

புதன்கிழமை மதியம் போனபோது அம்மா கேட்டார்.

"யாருடி அந்த நீலச் சட்டை? திரும்பத் திரும்பச் சொல்றே. நம்ம ஆளு மாதிரி தெரியலையே."

நான் அப்படி யாரையும் சொல்லவே இல்லை. அம்மா கேட்டுக்கொண்டே தூங்கிக் கனவு கண்டிருப்பார் என்று நினைத்தேன். அவருக்கு இடப்பக்கம் சோபாவில் உட்கார்ந்து டிஸ்க்கைப் போட்டேன். மணி 2.47.

14 நிமிடம் 22 விநாடி.

"வாசல்ல நீலச் சட்டை போட்ட ஒருத்தர் நிக்கிறார்... கேமராவையே பார்க்கிறார்."

என் குரல். நடுவில் என் இருமல் கூட. திரையில் வாசல் காலியாக இருந்தது.

31.08.

"நீலச் சட்டைக்காரர் கடைசி வரிசைக்கு வந்துட்டார்."

கடைசி வரிசையில் ஒருவரும் இல்லை.

40.05.

"சித்தப்பா தோள்ல கை வைக்கிறார்."

படம் குலுங்கியது. அந்தக் குலுக்கல் எங்களுக்குப் பழக்கம். சித்தப்பா நின்றபடியே தூங்கிவிட்டார் என்று பத்தொன்பது வருடமாகக் கிண்டல் செய்கிறோம்.

நிறுத்தியிருக்கலாம். கை வரவில்லை.

52.10. படம் முடிந்தது. கருப்புத் திரை.

என் குரல் முடியவில்லை...

"நாற்காலியை இழுக்கிறார்..."

கிறீச்...

அது டிவியிலிருந்து வரவில்லை.

"அம்மா பக்கத்துல உட்கார்றார்."

திரும்பினேன்.

சுவரோரம் காலி. மர நாற்காலி அம்மாவின் வலது முழங்காலை ஒட்டி நின்றது.

அதில் யாரும் இல்லை.

"நாற்காலியை ஏன்டி நகர்த்துறே?" என்றார் அம்மா.

மணி 3.40.

டிஸ்க்கை இரண்டாக உடைத்துப் போட்டேன். கையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் என் பதிவை முழுவதும் கேட்டேன். சரியாக 52.10க்கு முடிகிறது. நீலச் சட்டை என்ற பேச்சே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா யோசித்து யோசித்து ஒன்று சொன்னார். கல்யாணத்தன்று சித்தப்பாவும் 'யார் அந்த நீலச் சட்டை' என்று நாலு பேரிடம் கேட்டாராம். கேமரா வழியாகப் பார்த்தால் நீலச் சட்டைக்காரன் ஒருவன் நிற்கிறானாம், கண்ணை எடுத்தால் இல்லையாம். தூக்கக் கலக்கம் என்று சொல்லி அம்மாதான் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாராம்.

கல்யாணம் முடிந்து பதினோராம் நாள் சித்தப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அம்மா அந்த நாட்களை எண்ணிப் பார்க்கவில்லை. நான் எண்ணினேன்.

மறுநாளே பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை. அந்தப் புதன்கிழமை முடிந்து இன்று பத்தாவது நாள். காலையிலிருந்து அந்த நாற்காலியை மூன்று தடவை சுவரோரம் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.