மலையேறாத பனி வல்லுநர்

இலண்டன் கோலியர்ஸ் வுட் பகுதியில் வசிக்கும் யேசுரட்ணம் தமது ஐம்பத்தாறு வயதுக்குள் ஒரு பனிச்சறுக்கு மட்டையைத் தொட்டும் பார்த்தவரல்லர். ஆனாலும் ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றின் பனி நிலவரத்துக்கு இலண்டனில் அவர் வைத்ததுதான் சட்டம். சுற்றுலாக் கம்பனி ஒன்றில் ஏழு குளிர்காலமாகத் தொலைபேசி எடுப்பவர். கிராமத்திலிருந்து வரும் அளவுகளைப் பார்த்து இரண்டு வரி அறிக்கை எழுதி, கேட்பவர்களுக்கு அதையே வாசிப்பார்.

குழப்பம் முதல் நாளே தொடங்கிவிட்டது. பனி குறைந்தால் கல் தெரியும், கூடாது. கூடினால் சரிந்து வரும், அதுவும் கூடாது. வெயில் அடித்தால் இளகும், அடிக்காவிட்டால் இறுகும். அப்படியானால் எதுதான் நல்ல பனி? கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து, தினமும் "பனி சிறப்பு, புதியவர்களும் இறங்கலாம்" என்றே எழுதினார். ஒருவரும் முறையிடவில்லை. விழுந்தவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள்.

வீட்டு வாசலில் இரண்டு அங்குலம் விழுந்தால் மட்டும் சுகமில்லை என்று லீவு போட்டுவிட்டுப் போர்வைக்குள் கிடப்பார்.

"ஊர்ச் சனத்தையெல்லாம் பனியில இறங்கச் சொல்லுறியள், உங்களுக்குப் பால் வாங்கப் போக ஏலாதோ?" என்பார் மனைவி எமில்டா.

"அது மலைப்பனி. இது கவுன்சில் றோட்டுப் பனி. வித்தியாசம் தெரியாமல் கதையாதையும்."

இந்த நேர்மையான சேவையைப் பாராட்டிக் கம்பனி அவரை அந்தக் கிராமத்துக்கே மூன்று நாள் அனுப்பிவைத்தது. மலைக்குப் போகும் பஸ்ஸில் அவர் வாய் திறந்ததும், பக்கத்திலிருந்த பல் வைத்தியர் வைத்தியநாதன் துள்ளி எழுந்தார்.

"அண்ணை, நீங்களோ அந்தக் குரல்! உங்கட சொல்லை நம்பித்தான் வருசாவருசம் வாறன். நாளைக்கு நீங்கள் முன்னுக்கு இறங்குங்கோ, நாங்கள் பின்னால வாறம்."

ஏழு வருட மரியாதை குறுக்கே நின்றது. மாட்டேன் என்ற சொல் அதைத் தாண்டி வரவில்லை.

மறுநாள் மட்டைகளைச் சிலுவைபோலச் சுமந்துகொண்டு, கம்பியில் தொங்கும் பெட்டியில் உச்சிக்குப் போனார். ஒரே மூடுபனி. எது வானம், எது பள்ளம் என்றே புரியவில்லை. பின்னால் பஸ்ஸில் வந்த பன்னிரண்டு பேர் மட்டைகளைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். யேசுரட்ணம் சற்று ஒதுங்கி, இலண்டன் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை டிலக்சனா, இஞ்ச பனி எப்பிடியாம்?"

"சிறப்பாம் அங்கிள். புதியவர்களும் இறங்கலாமாம்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். போகேக்க மூண்டு நாளுக்கும் சேர்த்து எழுதி வச்சிட்டுப் போனீங்களே."

போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். வைத்தியநாதன் அருகில் வந்தார்.

"சொல்லுங்கோ அண்ணை, இண்டைக்குப் பனி எப்பிடி?"

வாழ்க்கையில் முதல் தடவையாக யேசுரட்ணம் ஓர் உண்மையான பனி அறிக்கை வெளியிட்டார்.

"எனக்குத் தெரியேல்லைத் தம்பி."

வைத்தியநாதனின் முகம் வெளிறியது. "உங்களுக்கே தெரியேல்லையெண்டால், இது எவ்வளவு பயங்கரமான பனியாயிருக்கும்!" என்று மட்டைகளைக் கழற்றினார். பன்னிரண்டு பேரும் கழற்றினார்கள். எல்லாரும் அதே பெட்டியில் கீழே இறங்கினார்கள். வழி முழுக்க அவருக்கு நன்றி சொன்னார்கள்.

எதற்கு என்றுதான் யேசுரட்ணத்துக்கு இன்னும் விளங்கவில்லை.