பிரித்துச் செய்த சாட்டை

உடலைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியதும் நாத்தனார் போட்ட அலறலில் அந்தச் சின்ன வீடே அதிர்ந்தது. தண்ணீர் கொண்டுவந்த தோல்காரி, வாளியோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, என் தம்பி முதுகைப் பாருங்களேன்! கோடு கோடா... மாட்டை அடிக்கிற மாதிரி அடிச்சிருக்காளே, பாவி!"

தோல்காரி என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். வீட்டின் முன்னறையிலேயே பெல்ட்டும் பையும் நாய்களுக்குக் கழுத்துப்பட்டையும் தைத்துப் பிழைப்பவள். கணவர் அச்சகத்தில் எந்திரம் ஓட்டியவர். முந்தின நாள் ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். சட்டை கழலும்வரை யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மகள் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கைகளைப் பார்த்தாள். வேலைக்காக வெளியூரில் இருப்பவள், அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்தாள். பெற்ற மகளுக்கும் அந்த முதுகு புதிது. ஊருக்கு முன்னால் ஒருநாளும் சட்டையைக் கழற்றாத மனிதர் அவர்.

தோல்காரி வாளியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே மூன்று பெண்களும் அவரும் மட்டும்.

"அண்ணி, கத்தாதீங்க. நான் சொல்றேன்."

எங்கிருந்து சொல்வது? கல்யாணமான புதிதில் அவர் முதுகைத் தடவி அவள் அழுத நாளிலிருந்தா? அவருடைய அப்பா குதிரை வண்டி வைத்திருந்தவர். பின்னல் சாட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குமாம். பகலில் குதிரைக்கு, பொழுது சாய்ந்தால் மகனுக்கு.

அல்லது அந்தத் தொலைபேசி அழைப்பிலிருந்தா? ஒரு பெண், மரியாதையான குரல், சாட்டை செய்து தர முடியுமா என்று கேட்டாள். எந்த மிருகத்துக்கு என்று இவள் கேட்க, அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"என் வீட்டுக்காரருக்கும்மா. அவருக்கு ஆசை, எனக்குச் சம்மதம். உக்காந்து பேசி முடிவு பண்ணினது. அடிக்கணும், ஆனா காயம் ஆகக் கூடாது."

"எங்க வீட்ல அதுக்கு என் வாயே போதும்மா" என்றாள் தோல்காரி. ஆனாலும் செய்தாள். மெத்தென்ற தோலில் அகல வார்கள். ஒவ்வொரு வாரின் விளிம்பையும் கத்தியால் சீவி மழுக்கினாள். சீவாத விளிம்பு கோடு போடும். சீவின விளிம்பு சிவக்க மட்டுமே செய்யும். முடித்ததும் தன் தொடையிலேயே அடித்துப் பார்த்துக்கொண்டாள்.

மேசைமேல் கிடந்த அதைக் கணவர் வெகுநேரம் பார்த்தார். மறுநாள் பெட்டியின் அடியிலிருந்து அப்பாவின் சாட்டையை எடுத்து வந்தார்.

"இதைப் பிரிச்சு, நேத்து செஞ்சியே, அதே மாதிரி செஞ்சு குடு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் அழுதாள், சண்டை போட்டாள், முடியவே முடியாது என்றாள். அவர் பொறுமையாகப் பேசினார்.

"குதிரையை அடிச்சாங்க. கப்பல்ல வேலைக்காரனை அடிச்சாங்க. தோட்டத்துல அடிமையை, ஜெயில்ல கைதியை அடிச்சாங்க. எங்கப்பா என்னை அடிச்சார். இத்தனை காலமா யாராவது, அடி வாங்கறவன்கிட்ட 'போதுமா'ன்னு கேட்டிருக்காங்களா? நீ கேப்ப. எனக்கு அதுதான் வேணும்."

பழைய கைப்பிடியில் புது வார்களைப் பூட்டினாள். பிரித்த பின்னலைக் கைப்பிடியில் சுற்றினாள். அவர் உள்ளங்கையில் ஒரு பித்தளை மணி. அது கீழே விழுந்தால் அவள் கை நிற்க வேண்டும். தோளில் மட்டும்தான், முதுகெலும்பிலும் இடுப்பிலும் படவே கூடாது. முடிந்ததும் போர்வை, சூடாகக் குடிக்க ஏதாவது. அதில் அவருக்குச் சுகமும் இருந்தது. அதை மறைத்துப் பேசுகிற வயதை இருவருமே தாண்டியிருந்தார்கள். அப்படியொரு நாளில் தூக்கக் கலக்கத்தில் அவர் சொன்னதுதான் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

"ஆணியிலேர்ந்து சாட்டையை எடுத்துட்டு வர்றது அக்காதான். அப்பா கூப்பிட்டதும் ஓடி வந்து குடுப்பா. அவளும் சின்னப் பொண்ணு, என்ன செய்வா, பயம். எனக்கு அது ஞாபகம் இருக்குன்னு அவளுக்குத் தெரியவே கூடாது. உயிரையே விட்டுடுவா. எனக்குச் சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

இப்போது அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதையெல்லாம் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

"கேட்டு வாங்கினானா? செத்தவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்ல மாட்டான்ற தைரியம்டி உனக்கு!" என்றாள் நாத்தனார்.

தோல்காரி சாட்டையை எடுத்து வந்து தன் முன்கையிலேயே ஓங்கி அடித்தாள். தோல் பரவலாகச் சிவந்தது. கோடு விழவில்லை.

"பாத்தீங்களா? அவர் தோள்ல இருக்கிற சிவப்புதான் நான் போட்டது. அந்தக் கோடெல்லாம் பழசு, அண்ணி. பின்னல் சாட்டை போட்ட கோடு."

நாத்தனார் அந்தக் கையைப் பார்க்கவில்லை. கைப்பிடியின் நுனியில் குதிரை கடித்த பல் தடத்தையே பார்த்தாள். விரல் அதைத் தொட்டதும் நெருப்பில் பட்டதுபோல் பின்வாங்கியது. முகம் வெளுத்துவிட்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னைப் பத்தி... ஏதாவது சொன்னானா?"

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும், தன் மேலிருக்கும் பழி அப்படியே விலகும். தோல்காரி கணவரின் மூடிய கண்களைப் பார்த்தாள்.

"இல்ல அண்ணி. உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

நாத்தனாருக்கு மூச்சு வந்தது. மகள் முன்னால் வந்தாள்.

"அத்தை, தாத்தா அப்பாவை அடிச்சாரா?"

"எங்கப்பாவா? பெத்த பிள்ளை மேல ஒருநாள்கூடக் கை ஓங்கினதில்ல."

"அம்மா, அத்தை பொய் சொல்றாங்களா? சொல்லும்மா. நீ சொன்னா நான் நம்பறேன்."

உதடு வரை வந்ததைத் தோல்காரி பல்லால் கடித்துக்கொண்டாள். அத்தை பொய் சொல்கிறாள் என்றால், மகள் அதோடு விடமாட்டாள். தோண்டித் துருவி ஆணிவரை போய்விடுவாள். அம்மாவின் மௌனத்தைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே மகள் எடுத்துக்கொண்டாள்.

"வாங்க அத்தை" என்று கதவைத் திறந்தாள். வெளியே காத்திருந்த தெருவுக்கு நாத்தனாரே எல்லாவற்றையும் சொன்னாள், அழுதுகொண்டே.

அடக்கம் முடிந்ததும் மகள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். கழுத்துப்பட்டைக்குக்கூட யாரும் தோல்காரியின் கதவைத் தட்டவில்லை. மேசைமேல் பாதி சீவிய வார் ஒன்று அப்படியே கிடந்தது. தெருவில் போன ஒருத்தி, இவள் காதில் விழட்டும் என்றே, "புருஷனை அடிச்சே கொன்னவ வீடு" என்று இன்னொருத்திக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

தோல்காரி மேசையடியில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தாள். பித்தளை மணி தரையில் விழுந்து உருண்டது. வெளியே அந்தப் பேச்சு நிற்கவில்லை.