பார்வோன்களுக்கு நான்தான் காவல்

மியூசியத்தில் சிலைகளுக்குக் காவல் நிற்கிறவளிடம் அதிகம் பேர் கேட்கிற கேள்வி எந்த ராசாவைப் பற்றியதும் இல்லை, "டொய்லெட் எங்கே?" என்பதுதான். கடைக் கவுண்டரிலோ ஆஸ்பத்திரி வார்டிலோ நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். நான் இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ரயிலைப் பிடித்து லண்டன் நடுவுக்கு வந்து, யூனிபோர்ம் போட்டுக்கொண்டு, எகிப்தின் பழைய ராசாக்கள் வரிசையாக இருக்கிற மண்டபத்தில் என் இடத்தில் நின்றுவிடுவேன். பைபிள் படித்தவர்களுக்கு அவர்களைப் பார்வோன்கள் என்றால் தெரியும். அவர்கள் கருங்கல்லில், நான் கறுப்புச் சப்பாத்தில்.

பேர் போட்ட ராசா

ஒருநாள் வடலண்டன் ஆர்ச்வேயிலிருந்து எங்கள் தமிழ் ஆட்கள், வயதானவர்கள், ஒரு கூட்டமாக வந்தார்கள். "இவர்களுக்குத் தமிழில் கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்று சூப்பர்வைசர் என்னைக் கேட்டார். அதுவரை அந்த மண்டபத்தில் நான் சத்தமாகச் சொன்ன ஒரே வசனம் "தயவுசெய்து தொடாதீர்கள்." எனக்குப் பயம் பிடித்துவிட்டது. போதாததற்கு அந்தக் கூட்டத்தில் என் கணவரைத் தெரிந்த சிவபாலன் அண்ணையும் அவர் மனைவி கமலாக்காவும் நின்றார்கள். அண்ணை எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார், "ஊரிலை ரீச்சரா இருந்தனீர். இஞ்சை வந்து கல்லுக்குக் காவலே பிள்ளை?"

"ஓம் அண்ணை. ஆனா கல்லுக்கில்லை, ராசாவுக்கு. கொஞ்சம் கிட்ட வாங்கோ" என்று தொடங்கினேன். இரண்டாம் ராம்சேஸின் பெரிய தலைக்கு முன்னால் நிற்பாட்டிச் சொன்னேன். கல்லில் பேர் இருக்கிறவரைக்கும் மனிதன் இல்லாமல் போகமாட்டான் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அதனால் இவர் தனக்கென்று சிலைகள் செய்வித்தது மட்டுமில்லை, தனக்கு முன்னிருந்த ராசாக்களின் சிலைகள் பலவற்றிலும் தன் பேரை வெட்டுவித்தார். சொல்லச் சொல்ல என் பயம் போய்விட்டது, வகுப்பில் நிற்கிற மாதிரி குரல் வந்தது. சிவபாலன் அண்ணை, "அடுத்தது ஆர் பிள்ளை?" என்று கேட்டபடியே சிலை சிலையாக என் பின்னால் வந்தார். கமலாக்கா மட்டும் ராம்சேஸை விட்டு நகரவில்லை. கடைசியில் சொன்னார்:

"எங்கடை கோயில்களிலை டியூப் லைட் வாங்கிக் குடுத்திட்டு வெளிச்சம் தெரியாமல் பேர் எழுதிறவை எல்லாம் இவரிட்டைத்தான் படிச்சிருக்கினம்."

விரலால் பார்த்தவர்

கண் பார்வையில்லாத ஒரு அம்மா வந்தார். முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்ததால் அவர் சிலையைத் தொடலாம், கூட நிற்பது என் வேலை. நாள் முழுக்கத் தொடாதே தொடாதே என்று சொல்கிற நான், அவர் கையைப் பிடித்து மூன்றாம் செனுஸ்ரெட்டின் முகத்தில் வைத்தேன். மற்ற ராசாக்கள் என்றும் இளமையாக, லேசான சிரிப்போடு இருப்பார்கள். இவர் அப்படியில்லை. கண்ணுக்குக் கீழே தசை தொங்கியிருக்கும், வாயோரம் இறங்கியிருக்கும், காது இரண்டும் முகத்துக்கு மீறின பெரிசு. இதில் ஒன்றையும் நான் அவருக்குச் சொல்லவில்லை.

அவர் விரல்கள் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கி, கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டன. திரும்பவும் அதே இடத்தைத் தடவினார். பிறகு காதுக்குப் போனார். நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், ஏனென்று தெரியாது. தினமும் பார்த்த முகம் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு மனிதனின் முகமாகத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"பாவம், இந்த மனிதர் நல்லாத் தூங்கி எத்தனையோ காலம். ஆனால் யார் வந்து குறை சொன்னாலும் காது கொடுத்துக் கேட்டிருப்பார்."

விசா

ஹானி ஒரு எகிப்துக்காரர், ரெஸ்டோரன்ட் ஒன்றில் சமையல். மனைவியோடு வந்து ராம்சேஸுக்கு முன்னால் நின்றதும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. நான் படம் எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிவிட்டு, இன்னொருமுறை எடுக்கச் சொன்னார். "எங்கள் ஆள்" என்றார். பிறகு நான் எந்த ஊர், எப்படி வந்தேன் என்று கேட்டார். யாழ்ப்பாணம், சண்டைக்காலத்தில் அகதியாக வந்தேன் என்றேன். சிலையை நிமிர்ந்து பார்த்து, கோபமில்லாமல்தான் சொன்னார்:

"நான் விசா எடுத்து வந்தேன், நீங்கள் அடைக்கலம் கேட்டு வந்தீர்கள். இவர்தான் பாவம், ஒன்றும் கேட்காமலே வந்து சேர்ந்தவர்."

விழுந்தவர்

ஒரு ஞாயிறு பின்னேரம், மண்டபம் நிறையச் சனம். கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ராம்சேஸை அண்ணாந்து பார்த்தபடியே சரிந்து விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் மூச்சில்லை. என்னோடு வேலை செய்கிற கானா நாட்டுக்காரி அபேனா இதயத்துக்கு ஷொக் கொடுக்கிற மெஷினை எடுக்கப் பறந்தாள். நான் முழங்காலில் நின்று அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். ட்ரெய்னிங்கில் ரப்பர் பொம்மையோடு செய்தபோது சிரித்திருக்கிறேன். மனிதனின் நெஞ்சு வேறு. அபேனா வந்தாள், மெஷின் ஷொக் கொடுத்தது. அம்புலன்ஸ்காரர் வந்து தூக்கியபோது கிழவரின் கண் அரைவாசி திறந்திருந்தது. அவ்வளவுதான் தெரியும். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அபேனாவும் நானும் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

மாரிக்குளிர் முடிந்த பிறகு ஒருநாள் அந்தக் கிழவர் தடி ஊன்றியபடி அதே கோட்டோடு வந்தார், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. அபேனாவைக் கூப்பிட்டேன். அவள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள், நான் அழாமல் நின்றேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். அவர் எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கண்ணைத் திறந்ததும் ராம்சேஸின் முகத்தைக் கண்டு, செத்து எகிப்துக்காரரின் சொர்க்கத்துக்குத்தான் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு உங்கள் யூனிபோர்மைக் கண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு யூனிபோர்மைக் கண்டு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்."

ராசாக்களிடம் வேலை செய்கிறேன் என்று லண்டனில் எத்தனை பேரால் சொல்ல ஏலும், அதுவும் அந்த ராசாக்களில் ஒருத்தர்கூட இதுவரை என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை என்று?